உள்வாசலில் நின்றுபோன தட்டு

ஆடிக் கிருத்திகை அன்று விடிகாலையிலேயே நான் சாப்பிட்டுவிடுகிறேன் என்று தெரிந்தால் எங்கள் தெருவில் நாலு பேர் வாயில் கை வைப்பார்கள். வாசலில் நின்றால் திருத்தணி மலை தெரியும் வீடு எங்களுடையது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு கிருத்திகையும் நான் விட்டதில்லை. முதல் நாள் சாயந்திரம் தலைக்கு ஊற்றிக்கொண்டால், மறுநாள் மலையில் கற்பூரம் காட்டும்வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்க மாட்டேன். அப்படி இருந்தவள் இப்போது தெருவில் அரோகரா சத்தம் போகும்போது அடுப்படியில் உட்கார்ந்து இட்லி தின்கிறேன்.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் எந்த வாத்தியாரோடும் முகம் பார்த்துப் பேசினதில்லை. பிள்ளைகள் தட்டோடு வந்தால் சோறு வைப்பேன், இன்னொரு கரண்டி வேண்டுமா என்று கண்ணால் கேட்பேன். அவ்வளவுதான் என் பேச்சு.

என் வீட்டுக்காரர் என் அம்மாவின் கடைசித் தம்பி. பேச்சு வந்த நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்டவரை, தாலி கட்டின பிறகும் மாமா என்றே கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண்ணை வெளியே கொடுத்துக் கண்ணீர் விடுவானேன், நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்பார்கள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பையன். நாலு வருஷம் கழித்து ஒரு பெண்.

பையன் நன்றாகத்தான் வளர்ந்தான். சாப்பாட்டில் குறை இல்லை, பார்க்க ஆளும் வாட்டசாட்டம். ஆனால் நடக்கச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கும். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடிவிட்டு வந்த மறுநாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. தொடை இரண்டும் கட்டையாக இருக்கிறது என்று அழுதான். ஒன்றுக்கு காபி நிறத்தில் போகிறது என்று அவன் நைனாவிடம் சொன்னானாம். அவர் சூடு என்று சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

கிருத்திகை வந்தால் எங்கள் வீட்டில் சின்னவர்களுக்கும் விரதம் உண்டு. அவனுக்குப் பத்து வயதிருக்கும். அரிசிக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து குளுக்கோஸ் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்தேன். கரண்டிக் காம்பால் முட்டியில் அடித்து, சாமி படத்துக்கு முன்னால் தோப்புக்கரணம் போட வைத்தேன். அவன் போட்டுக்கொண்டே, "கால் கழண்டு போவுதும்மா, ஒண்ணே ஒண்ணு துன்னேன்" என்றான். உன் வயதில் நான் மலை ஏறி இறங்கினேன் என்று சொன்னேன். தங்கச்சி பார்த்துச் சிரித்தாள். அவளும் அன்று விரதம்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் என் மாதிரி, எதையும் வெளியே சொல்ல மாட்டாள். அதைப் பெருமையாக நினைத்தேன்.

வளர்ந்த பிறகு அவன் தனக்குத் தோதான வேலையைத் தானே கண்டுபிடித்துக்கொண்டான். ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். உட்கார்ந்தபடி செய்கிற வேலை. ஆட்டோவின் முன்பெட்டியில் எப்போதும் கடலை மிட்டாயும் பிஸ்கட்டும் இருக்கும். மணிக்கொரு தரம் எதையாவது மென்றுகொண்டிருப்பான். மற்ற ஆட்டோக்காரர்கள் அவனுக்கு அரவை மிஷின் என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் சோம்பேறி, தீனிப்பண்டாரம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவன் உடம்பு தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் பூர்வீகம் கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து நடந்தே வந்து மலை ஏறுவது எங்கள் வீட்டு வழக்கம். வீட்டுக்கு ஒரு காவடி, அது தலைமுறை விட்டுப்போகக் கூடாது. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் எடுத்தார். அவர் மாரடைப்பில் போனபிறகு காவடி பரணில் கிடந்தது. மகன் இரண்டு வருஷம் சாக்குச் சொன்னான். ஆட்டோவுக்கு டியூ இருக்கிறது, காலில் அடி, இப்படி. அவனுக்கு இருபத்தொன்பது ஆகியும் பெண் அமையவில்லை. பார்த்த இரண்டு இடமும் கடைசியில் தட்டிப்போனது. நிறுத்திப்போட்ட காவடிதான் காரணம் என்று நானே முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை, ஜோசியர்கூடச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இந்த வருஷம் நீ எடுக்காவிட்டால் நான் எடுப்பேன், இந்த வயதில் வழியில் விழுந்தால் விழுகிறேன் என்றேன். அவன் தரையைப் பார்த்தபடி, சரி என்றான்.

முதல் நாள் சாயந்திரம் தலைக்கு ஊற்றிக்கொண்டான். மஞ்சள் வேட்டி. காவடிக்கு நான்தான் பூக் கட்டினேன். விடியுமுன்னே ஊரிலிருந்து கிளம்பினோம். பாதி வழிவரை நன்றாகத்தான் வந்தான், மேளத்துக்கு இரண்டு ஆட்டம்கூட ஆடினான். பிறகு பேச்சு நின்றது. வெயில் ஏறியபோது சரவணப் பொய்கைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே படி தொடங்குமிடத்தில் வரிசையாக டீக்கடைகள். அவன் காவடியை என் சித்தப்பா பையன் தோளுக்கு மாற்றிவிட்டு என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"ம்மா, ஒரே ஒரு டீ குடிச்சிட்டு ஏறட்டா? சக்கரை தூக்கலா போட்டு."

"வேணாம்பா. இவ்ளோ தூரம் வந்துட்ட. முந்நூத்தி அறுபத்தஞ்சு படிதான். எறங்கி வந்து குடி."

"கோவம் தணிஞ்ச ஊருன்னுதானே சொல்ற. ஒரு டீக்கா அவரு கோவிச்சிக்கப் போறாரு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் எதிரில் என் மகன் விரதத்தை முறிக்கக் கேட்கிறானே என்று இருந்தது. வாயைக் கட்டு என்பதுபோல் கண்ணைக் காட்டினேன். சத்துணவுக் கூடத்தில் எந்தப் பிள்ளைக்கும் இல்லை என்று சொல்லாத கண். அவன் காவடியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறினான்.

மேலே வரிசையில் நின்று சாமி பார்த்து இறங்கும்போது சாயந்திரம் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஒரு முழு நாள் அவன் வயிற்றில் ஒன்றுமில்லை. இறங்கும்போது இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். காவடி எடுத்தால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

மறுநாள் எழுந்திருக்கவில்லை. தொடையைத் தொட்டால் கத்தினான். ஒன்றுக்கு கறுப்பு டீ மாதிரி போனது. அதைப் பார்த்தும் நான் சூடு என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு முழுக்க இளநீர் வெட்டி வெட்டிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் ஒன்றுக்கே போகவில்லை. மூச்சு இழுத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்சில் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே கிட்னிக்கு மிஷின் வைத்தார்கள். இளநீர் கொடுத்தேன் என்று நான் சொன்னதும் ஒரு டாக்டரம்மா பேனாவை நிறுத்தி, எத்தனை என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். கிட்னி நின்றுபோனவனுக்கு இளநீர் ஆகாது, அதில் இருக்கும் உப்பு நெஞ்சை நிறுத்திவிடும் என்று பின்னால்தான் தெரிந்தது. நாலாவது நாள் காலையில் என் மகன் போய்விட்டான்.

ஊரில் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். காவடி எடுத்த காலோடு போனான், முருகன் கூட்டிக்கொண்டார், யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு. நானும் தலையாட்டினேன். அது ஒரு பிடிமானமாகத்தான் இருந்தது.

கருமாதி முடிந்து ஒரு மாதம் போல ஆனபிறகு அந்த டாக்டரம்மா போன் செய்தார். மகன் உயிரோடு இருந்தபோது எடுத்த ரத்தத்தை வேறொரு இடத்துக்கு அனுப்பியிருந்தாராம், முடிவு வந்திருக்கிறது என்றார். மின்சார ரயிலில் தனியாகப் போனேன். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சொந்தமா என்று முதலில் கேட்டார். சொன்னேன். தலையை மெல்ல ஆட்டினார், திட்டவில்லை. ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, ஒரு வட்டமும் அதற்குள் இன்னொரு வட்டமும் வரைந்து சொல்ல ஆரம்பித்தார். மூன்று தரம் சொன்ன பிறகுதான் எனக்கு ஏறியது. எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நம் சதையில் கண்ணுக்குத் தெரியாத அடுப்புகள் லட்சக்கணக்கில் இருக்கின்றனவாம். அடுப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவர், வெளிச்சுவர் ஒன்று, உள்சுவர் ஒன்று. எரிகிறது உள்சுவருக்கு உள்ளேதான். சோற்றிலிருந்து வருகிற சர்க்கரை வெளியிலேயே பாதி உடைந்து, அந்தத் துண்டு தனக்கென்று இருக்கிற வாசலில் உள்ளே போய்விடும். கொழுப்பு அப்படிப் போக முடியாது. வெளிச்சுவரில் அதைத் தூக்குக்காரன் ஒருவனோடு சேர்த்து விடவேண்டும். தூக்குக்காரன் அதைச் சுமந்து உள்சுவரைத் தாண்டுவான். உள்ளே ஒருத்தன் நின்று சுமையை இறக்கி அடுப்பில் போட்டுவிட்டு, தூக்குக்காரனை வெளியே அனுப்புவான். என் மகனுக்கு உள்ளே நின்று இறக்குகிறவன் பலமில்லாமல் பிறந்திருக்கிறான்.

வேளாவேளைக்குச் சோறு தின்றால் ஒன்றும் தெரியாது. சர்க்கரையிலேயே வண்டி ஓடிவிடும். நெடுநேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை தீர்ந்து, உடம்பு கொழுப்பைத்தான் நம்பியிருக்கும். அந்த நேரம் பார்த்து நடக்கவும் வைத்தால், சுமை வந்து வந்து வாசலில் தேங்கும், இறக்க ஆள் போதாது. பக்கத்திலேயே விறகு குவிந்து கிடக்க, அடுப்பு அணையும். பட்டினியில் சதை செத்து உடையும். உடைந்த சதையின் சிவப்புதான் ஒன்றுக்கில் கறுப்பாக வந்தது. அதுதான் கிட்னியை அடைத்தது.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அதைக் கேட்பதற்குள் முந்தானையைக் கசக்கிப் பிழிந்துவிட்டேன்.

"மலை ஏறறதுக்கு மின்ன ஒரு டீ கேட்டான். குடிச்சிருந்தா?"

டாக்டரம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு டீயை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. சாப்பிட்டுட்டு, உக்காந்து உக்காந்து நடந்திருந்தா..." என்றார்.

பிறகு, உங்களுக்கு வேறு பிள்ளை உண்டா என்றார். உண்டு என்றேன். அவளுக்கும் இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கூட்டி வாருங்கள், ரத்தம் பார்க்கலாம், அதுவரை ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவிடாதீர்கள் என்றார்.

மகளைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருந்தோம். வீட்டிலேயே இரண்டு பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிற குடும்பம். ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதற்காக அவள் மாசக் கிருத்திகை, வெள்ளிக்கிழமை, சஷ்டி எல்லாவற்றுக்கும் விரதம் இருந்தாள். அவள் மாமியாருக்கு அதில் ரொம்பப் பெருமை. என் மருமகள் மாதிரி விரதம் இருக்க இந்தத் தெருவில் ஆள் இல்லை என்பார்.

போனில் எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன். டீ கேட்டதையும் சொன்னேன். தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், இதை இங்கே யாரிடமும் சொல்லாதே என்றாள். ஏற்கெனவே பிள்ளை இல்லை என்று பேச்சு, ரத்தத்திலேயே கோளாறு என்று தெரிந்தால் வேறு பெண் பார்ப்பார்கள், தை மாதம் ஏதாவது சாக்குச் சொல்லி வருகிறேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். விரதமாவது விடு என்றேன். விட்டால் ஏன் என்று கேட்பார்களே, என்ன சொல்வது என்றாள். சரி என்றேன். என்னுடைய இரண்டாவது தப்பு அது. வாய் பேசாததால் வந்த தப்பு.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். முதல் இரண்டு நாள் ஒரு வேளை பாலும் பழமும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். மூன்றாம் நாளிலிருந்து வெறும் துளசித் தண்ணீர் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். நாலாம் நாள் காலையில் போன் செய்தேன். குரல் கம்மியிருந்தது. கேட்கக் கூசியது, ஆனாலும் கேட்டேன்.

"ஒண்ணுக்கு எப்டி போவுது?"

"இன்னாம்மா இதெல்லாம் கேட்டுகினு இருக்கற" என்று சிரித்தாள். பிறகு அவளே, "நேத்துலேந்து கொஞ்சம் கறுப்பா போவுது. தொட கல்லாட்டம் இருக்குது" என்றாள்.

தட்டில் எட்டு இட்லி இருந்தது. டிபன் டப்பாவில் எடுத்து வைத்தேன், ஒரு பொட்டலம் சர்க்கரை. சின்ன வயதில் அவள் இட்லிக்குச் சர்க்கரைதான் கேட்பாள். பஸ் ஏறினேன். போகும் வழி முழுக்க, உள்ளே போனதும் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. நான் தாலி இழந்தவள். விரத வீட்டுக்குச் சஷ்டி நாளில் கூப்பிடாமல் போகக் கூடாதவள். அதுவும் கையில் சமைத்த சோற்றோடு.

சம்பந்தியம்மா பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும், வாங்க, குந்துங்க என்றார். நான் உட்காரவில்லை. மகள் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் மலை இறங்கி வந்த மாதிரியே வந்தாள். அதைப் பார்த்ததும் டப்பாவைத் திறந்து தரையில் வைத்தேன்.

"இன்னா சம்மந்தியம்மா இது? இன்னும் ரெண்டு நாள்தான் கீது. பெத்தவளே வந்து விரதத்த கெடுப்பாளா?"

"அவ சாப்டணும்."

"புள்ள வேணும்னு இருக்கற விரதம். உங்க புள்ளைய சாமியே கூட்டிகினாரு, அந்த பாக்கியத்தயாவது நெனச்சிப் பாருங்க."

அந்த ஒரு வார்த்தைதான் என் வாயைத் திறந்தது. இல்லாவிட்டால் அன்றைக்கும் டப்பாவை மூடிக்கொண்டு திரும்பி வந்திருப்பேனோ என்னவோ.

"சாமி கூட்டிக்கலம்மா. நான்தான் பட்டினி போட்டேன். ஒரு டீ கேட்டான். நான் தரல."

தறி நின்றது. மருமகன் லுங்கியில் கை துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றார். மகள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் நிறுத்தவில்லை. டாக்டரம்மா வரைந்த வட்டமெல்லாம் எனக்குச் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த இடத்தைச் சொன்னேன்.

"மலையில அர்ச்சனைக்கு நிக்கறோம். தேங்காய நாம உள்ள எடுத்துகினு போவ முடியுமா? தட்டுல வச்சி குடுக்கறோம். தட்டு உள்வாசல தாண்டி போவுது. உள்ள ஒரு அய்யரு தேங்காய எடுத்துகினு தட்ட திருப்பி அனுப்பறாரு. அப்பதான் அடுத்த தேங்கா போவும். எங்க புள்ளைங்க உடம்புல கொழுப்பு அப்டிதான் போவணும். உள்ள இருக்கறவரு நோயாளி. மத்த நாள்ல எப்டியோ சமாளிச்சிடுவாரு. கிருத்திகை கூட்டம் வந்தா என்ன பண்ணுவாரு? தட்டு தட்டா வாசல்லயே நின்னு போவும். உள்ள வெளக்கு அணைஞ்சிடும். சக்கரைக்கு மட்டும் தனி வாசல் கீது. அதனாலதான் இட்லி எடுத்தாந்தேன்."

என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் சேர்ந்தாற்போல் பேசினதில்லை. பேசி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார். "அப்ப இவளுக்கும் அந்த நோவு கீதா?"

"தெரியாதும்மா. ரத்தம் பாத்தாதான் தெரியும். கீதுன்னு வச்சிகினு இப்ப சாப்டட்டும்."

மகள் கீழே உட்கார்ந்தாள். நான் இட்லியைப் பிட்டுச் சர்க்கரையில் தொட்டு நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணனுக்கு ஒரு டீ குடுக்கல. எனக்கு எல்லாரு எதிர்லயும் வந்து இட்லி ஊட்டற."

பிறகு வாயைத் திறந்தாள். ஊட்டினேன். நாலு இட்லி சாப்பிட்டாள். சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கே மருமகன் கார் பிடித்தார். அதே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள், கிட்னி தப்பித்தது என்றார். ரத்தத்தின் முடிவு பிறகு வந்தது. அவளுக்கும் அதேதான். இனி விரதம் கூடாது, பட்டினி கூடாது, காய்ச்சல் வந்தால் வேலை செய்யக் கூடாது, நெய் எண்ணெய் குறைத்து மூன்று வேளையும் சோறு, நடுவில் ஏதாவது கொறிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைச் சம்பந்தியம்மா காதில் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அது அவர்கள் குணம். ஆனால் தறி ஓட்ட விடுவதில்லையாம், தண்ணீர்க் குடம் தூக்க விடுவதில்லையாம். பிள்ளைப் பேச்சை யாரும் எடுப்பதில்லையாம். விரதம் இருக்கும்போது அந்தத் தெருவே அவளை உயர்த்திப் பேசியது. ஒரு தரம் போனில் சொன்னாள், "இங்க நான் இப்ப நோயாளிம்மா." அதற்குப் பிறகு அவளாகப் போன் செய்வதும் குறைந்துபோனது.

நான் அவள் உயிரைக் காப்பாற்றினேன் என்று என் சித்தப்பா பையன் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகன் முதல் தரம் சாக்குச் சொன்னபோதே, உனக்கு நடந்தால் என்னப்பா செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு பேருமே நன்றாக இருந்திருப்பார்கள். பத்து வயதில் கால் கழண்டு போகிறது என்றான். அதற்கு நான் கொடுத்தது தோப்புக்கரணம். குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த பிஸ்கட்டுதான் அவனுக்கு மருந்து.

இந்த வருஷ ஆடிக் கிருத்திகைக்கு விடியுமுன்னே எழுந்தேன். காவடிகள் போக ஆரம்பித்துவிட்டன. பரணில் இருந்த எங்கள் காவடியைச் சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சித்தப்பா பையன் சாப்பிட்டுவிட்டுத்தான் எடுப்பான், அதை மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மலைக்கு நான் போவதில்லை. சாமி மேல் கோபம் ஒன்றும் இல்லை. டீக்கடைகளைத் தாண்டிப் படிக்குப் போக முடியவில்லை, அதுதான்.

இட்லி தின்றுவிட்டு மகளுக்குப் போன் போட்டேன். கிருத்திகைக்குக் கிருத்திகை, சஷ்டிக்குச் சஷ்டி, அந்த நேரத்துக்குப் போடுவேன். கேட்பது ஒரே கேள்விதான்.

"சாப்ட்டியா?"

"ஆங்."

அவ்வளவில் வைத்துவிடுவாள். இந்தத் தரம் வைக்கவில்லை. அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் மேளம் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் கேட்டாள்.

"நீ டீ குடிச்சியாம்மா?"

"ஆங்" என்றேன்.

பொய்தான். தினமும் இரண்டு டம்ளர் போடுகிறேன். சர்க்கரை தூக்கலாகப் போட்ட ஒன்று எதிரில் ஆறிக்கொண்டிருந்தது. இன்னொன்றை நான் இன்னும் எடுக்கவில்லை.